மாடல் கைமாறும்போது நேரும் தவறுகள்

எண்ணெய் வயல் திட்டமிடலில் பாதிச் சிக்கல், நிலவியலாளர் கட்டிய மாடல் (நிலத்தடிப் பாறையின் கணினி வடிவம்), எண்ணெய் எப்படி ஓடும் என்று கணிக்கும் ரிசர்வாயர் பொறியாளர் கைக்குப் போகும்போதே பிறந்துவிடுகிறது.

முதலில் செல்களை ஒன்றுசேர்ப்பது. நிலவியல் மாடலில் லட்சக்கணக்கான செல்கள், அதாவது சின்னச் சின்னக் கட்டங்கள், இருக்கும். ஓட்டத்தைக் கணக்கிடும் சிமுலேட்டர் நிரல் வேகமாக ஓட வேண்டுமென்று பொறியாளர் பல அடுக்குகளை ஒன்றாக்குவார். நுண்துளை அளவுக்குச் சாதாரணச் சராசரி போதும். ஊடுருவுதிறனுக்கு (பாறை வழியே திரவம் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதற்கு) அது மட்டும் ஆகாது. 9 மீட்டர் மணற்கல் 1000 மில்லிடார்சி (ஊடுருவுதிறனின் அலகு), அதற்கு நடுவே 1 மீட்டர் ஷேல் (இறுகிய களிமண் பாறை) 0.01 மில்லிடார்சி என்று வைப்போம். கிடைமட்ட ஓட்டத்துக்குத் தடிமனைக் கணக்கில் கொண்ட சாதாரணச் சராசரி: 900. செங்குத்து ஓட்டத்துக்கு இசைச் சராசரி (தலைகீழ் எண்களைச் சராசரி எடுத்து மறுபடி தலைகீழாக்குவது): வெறும் 0.1. இதைப் பார்க்காமல், வழக்கம்போல் கிடைமட்டத்தில் பத்தில் ஒரு பங்கு என்று 90 போட்டால், அடியிலுள்ள நீர் மாடலில் தடையின்றி மேலேறும். அதை நம்பி, எண்ணெய் உள்ளே வரக் கிணற்றுக் குழாயில் இடும் துளைகளைத் தேவையில்லாமல் மேலே வைப்பார்கள்.

ஆனால் 0.1 என்பதும் அந்த ஷேல் எங்கும் அறுபடாமல் பரவியிருந்தால்தான் சரி. கடலடியில் படிந்தது கிலோமீட்டர் கணக்கில் போகலாம். ஆற்றுக் கால்வாய்க்குள் படிந்த களிமண் சில நூறு மீட்டருக்குள்ளேயே அறுந்துபோகலாம், நீர் சுற்றிக்கொண்டு வந்துவிடும். இதைச் சொல்லக்கூடியவர் நிலவியலாளர்தான். எந்த அடுக்கு எல்லைகளைக் கலைக்கக் கூடாது என்று இருவரும் உட்கார்ந்து குறித்த பிறகே ஒன்றுசேர்ப்பைத் தொடங்க வேண்டும்.

கட்-ஆஃப், அதாவது எந்தத் தரத்துக்குக் கீழான பாறையைக் கணக்கில் விடுவது என்ற வரம்பு, சின்ன விஷயம், ஆனால் அதில் தவறு அடிக்கடி நடப்பது. நிலவியலாளர் மோசமான பாறையைக் கழித்துத்தான் நிகரத் தடிமனை (மிஞ்சும் நல்ல பாறையின் தடிமனை) தந்திருப்பார். அது தெரியாமல் பொறியாளர் மறுபடி கழித்தால் எண்ணெய் இருப்பு இரண்டு தடவை குறையும்.

மாடலின் கணிப்பைக் கிணறுகளின் உற்பத்தி வரலாற்றோடு பொருத்தும்போது கிணற்றைச் சுற்றி ஊடுருவுதிறனை ஐந்தால், பத்தால் பெருக்கி வளைவை ஒட்டவைக்கும் பழக்கம் இதைவிட ஆபத்து. கோடு பொருந்தும், அடுத்த கிணறு ஏமாற்றும். அந்தப் பெருக்கத்துக்குப் பின்னால் ஒரு விரிசல் வலையோ, தனி மணற்பட்டையோ இருக்கிறதா என்று கேட்காமல் வைத்துக்கொள்ளக் கூடாது.

எண்களைக் கொடுக்கும் விதமும் கெடுக்கும். ஒரே ஒரு நடுக் கணிப்பைக் கொடுத்தால், மேல்தளக் குழு (தரைமேல் கருவிகளை வடிவமைப்பவர்கள்) நீர் பிரிக்கும் கருவிகளை அந்த ஒற்றை எண்ணுக்கே அளவெடுக்கும். குறைவு, நடு, அதிகம் என்று மூன்றாகக் கொடுத்தாலும் பெயரைச் சரிபாருங்கள்: பிஆர்எம்எஸ் (எண்ணெய் வளங்களை வகைப்படுத்தும் சர்வதேச முறை) முறையில் பி90 (அந்த அளவாவது கிடைக்க 90 விழுக்காடு வாய்ப்புள்ளது) குறைந்த கணிப்பு, சிலர் தலைகீழாக எழுதுவார்கள்.

ஆழமும் அப்படியே. செங்குத்திலிருந்து 60 பாகை சாய்ந்த கிணற்றில் அதன் துளைவழியே 10 மீட்டர் போனால் செங்குத்தாக இறங்குவது 5 மீட்டர்தான். அட்டவணையில் ‘ஆழம்’ என்று மட்டும் போடாமல், துளைவழியா செங்குத்தா, கடல்மட்டத்திலிருந்தா ரிக்கின் (துளையிடும் மேடையின்) சுழல்மேசையிலிருந்தா என்பதைத் தலைப்பிலேயே எழுதுங்கள்.