வண்டி எடுக்கும் முன்பே தொடங்கும் தவறுகள்: வேலூர் வட்டாரத்தில் சிறு லாரித் தொழிலுக்கான பேப்பர் வேலை

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் புதிதாக லாரி எடுக்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே வழியில்தான் போகிறார்கள். முதலில் பைனான்ஸ், அப்புறம் வண்டி, பேப்பரை புரோக்கர் பார்த்துக்கொள்வார். புரோக்கரும் கேட்டதை எடுத்துக் கொடுத்துவிடுவார். உங்களுக்கு எது தேவை என்று யோசிப்பது அவர் வேலை இல்லை. அதை முடிவு செய்ய இரண்டு கேள்விகள் போதும். ஆர்சியில் மொத்த எடை எவ்வளவு? சரக்குக்கு எல்ஆர் (லாரி ரசீது) போடுவது யார்?

ஏற்றும் எடையும் மொத்த எடையும்

ஷோரூமில் "ஒன்றரை டன் வண்டி" என்று சொல்வது ஏற்றக்கூடிய சரக்கின் எடை. சட்டம் பார்ப்பது வண்டியும் சரக்கும் சேர்ந்த மொத்த எடையை. இந்த ஓர் எண்ணில் மூன்று கோடுகள் இருக்கின்றன.

முதல் கோடு 3,000 கிலோ. மொத்த எடை அதற்குள் இருக்கும் சரக்கு வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 66வது பிரிவுப்படி பர்மிட் வேண்டாம். குட்டி யானைகள் இதற்குள் வந்துவிடும். பிக்கப் வண்டிகளில்தான் ஏமாறுவார்கள்: ஒரே பெயரில் ஒரு மாடல் 3,000-க்குள் நிற்கும், அடுத்த மாடல் தாண்டிவிடும். கூடுதலாக நானூறு கிலோ ஏற்றலாம் என்று பெரிய மாடலை எடுத்துவிட்டு, பர்மிட் வேண்டும் என்பது செக்கிங்கில்தான் தெரியவரும். பர்மிட் வேண்டாம் என்பதால் எஃப்சி (வண்டியின் தகுதிச் சான்று), இன்சூரன்ஸ், புகைச் சான்று, வரி எதுவும் வேண்டாம் என்று அர்த்தமில்லை. "குட்டி யானைக்கு என்ன பேப்பர்" என்று கேட்பவர்கள் இந்த இடத்தில் மாட்டுவார்கள்.

இரண்டாவது கோடு 7,500 கிலோ. அதற்குள் உள்ள வண்டியை சாதாரண எல்எம்வி (இலகு ரக வாகன) லைசென்ஸ் வைத்திருப்பவர் ஓட்டலாம், லைசென்சில் தனியாக டிரான்ஸ்போர்ட் எண்டார்ஸ்மென்ட் (வாடகை வண்டி ஓட்டுவதற்கான பதிவு) வேண்டாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் சொல்லிவிட்டது. அதைத் தாண்டிய வண்டிக்கும், தோல் பதனிடும் ரசாயனம் போன்ற அபாயகரமான சரக்குக்கும் இந்தச் சலுகை இல்லை. அபாயகரமான சரக்குக்கு லைசென்சில் தனிப் பதிவு, அதற்கு முன் பயிற்சி இரண்டும் வேண்டும். சிப்காட் தொழிற்பேட்டை லோடு பிடிக்க நினைப்பவர்கள் டிரைவரை வைக்கும்போதே இதைப் பார்த்துவிட வேண்டும். மூன்றாவது கோடு 12,000 கிலோ; அது வருமான வரிக்கு, பிறகு வருகிறது.

சித்தூர் பக்கத்தில்தான், ஆனால் வேறு மாநிலம்

காட்பாடியிலிருந்து கிறிஸ்டியான்பேட்டை தாண்டினால் ஆந்திரா. சித்தூருக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது என்பதால் பலர் அதை உள்ளூர் டிரிப்பாகவே நினைக்கிறார்கள். 3,000 கிலோவுக்கு மேற்பட்ட வண்டி தமிழ்நாட்டு பர்மிட்டை மட்டும் வைத்துக்கொண்டு அங்கே போனால், பர்மிட் இல்லாமல் ஓட்டியதாகவே கணக்கு. எப்போதாவது போகிறவர்களுக்கு தற்காலிக பர்மிட் போதும். வாராவாரம் போகிறவர்களுக்கு நேஷனல் பர்மிட்தான் சரி.

நேஷனல் பர்மிட்டில் மூன்று இடங்களில் தவறு நடக்கிறது. பர்மிட் 5 ஆண்டுக்கு என்றாலும் அதற்கான ஆதரைசேஷன் (வெளி மாநிலத்தில் ஓட்டும் அனுமதி) ஆண்டுக்கு ஒருமுறை. 16,500 ரூபாய் ஒருங்கிணைந்த கட்டணமும் ஆண்டுதோறும் கட்ட வேண்டும். பர்மிட் தாளில் உள்ள தேதியை மட்டும் பார்த்து நிம்மதியாக இருப்பவர்களுக்கு இரண்டாம் ஆண்டில்தான் சிக்கல் வரும். அடுத்தது திரும்பும் லோடு. சித்தூரில் இறக்கிவிட்டு, சும்மா வருவானேன் என்று அங்கிருந்து திருப்பதிக்கு ஒரு லோடு அடித்தால் அது விதிமீறல். வேறொரு மாநிலத்துக்குள்ளேயே ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குச் சரக்கு ஏற்ற நேஷனல் பர்மிட் இடம் தராது. சித்தூரிலிருந்து வேலூருக்கு ஏற்றி வரலாம். கடைசியாக வயது: இரண்டு ஆக்சில் லாரி 12 ஆண்டைத் தாண்டினால் நேஷனல் பர்மிட் கிடைக்காது, மல்டி ஆக்சிலுக்கு 15. பத்து வயசு லாரியை மலிவாக வாங்கி பெங்களூர் லைனில் விடலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் இதையும் சேர்த்துப் போட வேண்டும்.

பழைய வண்டி

ஆர்சி பெயர் மாறிவிட்டால் எல்லாம் மாறிவிட்டது என்று நினைப்பதுதான் இங்கே பெரிய தவறு. ஆர்சி, பர்மிட், இன்சூரன்ஸ் மூன்றையும் தனித்தனியாக மாற்ற வேண்டும். பர்மிட் வண்டியோடு ஒட்டிக்கொண்டு வராது. போக்குவரத்து அதிகாரியின் அனுமதியோடு மாற்றிக்கொள்ள வேண்டும். இன்சூரன்ஸ் மாற்றத்துக்கு 14 நாளுக்குள் கம்பெனிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். பழைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸ் உங்களுக்குக் கிடையாது. பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-ல் கையெழுத்து வாங்கும்போதே பைனான்ஸ் முடிந்ததற்கான படிவம் 35-ஐயும் கேட்டு வாங்குங்கள். கடன் கட்டி முடித்தும் ஆர்சியில் பைனான்ஸ் பெயர் நீக்கப்படாத வண்டிகள் நிறைய.

முகவரியிலும் ஒரு சிக்கல். 2019-ல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பிறகும் ஆற்காடு, வாலாஜா, வாணியம்பாடிக்காரர்கள் பலரின் ஆதாரில் "வேலூர் மாவட்டம்" என்றே இருக்கிறது. ஆதார், பான், பாங்க் கணக்கு, ஆர்சி எல்லாவற்றிலும் பெயரின் இனிஷியலும் முகவரியும் ஒன்றாக இல்லாவிட்டால் ஆன்லைன் விண்ணப்பம் திரும்பிவரலாம். வண்டி எடுக்கும் முன்பே சரிசெய்துவிட்டால் மாதக்கணக்கில் அலைய வேண்டாம்.

பாடியும் எஃப்சியும்

பாடியோடு தயாராக வரும் புது வண்டிக்கு முதல் 2 ஆண்டு எஃப்சி இருப்பதாகவே கணக்கு. சேசிஸ் எடுத்து நாமக்கல், சங்ககிரி பக்கம் பாடி கட்டினால் பதிவுக்கு முன் ஆய்வு உண்டு. அகலம் 2.6 மீட்டரைத் தாண்டக் கூடாது. பஞ்சு, அட்டைப்பெட்டி மாதிரி லேசான சரக்குக்காக பாடியை இழுத்துக் கட்டிவிட்டு, ஆய்வில் வெட்டிக் குறைத்தவர்கள் உண்டு. வண்டிக்கு 8 வயதாகும் வரை எஃப்சி 2 ஆண்டுக்கு ஒருமுறை, அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறை. எஃப்சிக்குப் போகும் நாளில் வரி, இன்சூரன்ஸ், புகைச் சான்று மூன்றும் உயிரோடு இருக்கிறதா என்று அரசின் வாகன் இணையதளத்தில் பார்த்துவிட்டுப் போங்கள்.

ஜிஎஸ்டி: அவசரப்பட்டு எடுப்பதே தவறு

இதில்தான் குழப்பம் அதிகம். தோல் கம்பெனியிலோ ஷூ பேக்டரியிலோ "ஜிஎஸ்டி இருக்கா?" என்று கேட்டதும் ஆடிட்டரிடம் ஓடுகிறார்கள். அதற்கு முன் எல்ஆர் யார் போடுகிறார்கள் என்று பாருங்கள்.

உங்கள் வண்டியை ஒரு டிரான்ஸ்போர்ட் ஆபீசுக்கு வாடகைக்கு விடுகிறீர்கள், எல்ஆர் அவர்கள் பெயரில் என்றால், உங்கள் வாடகைக்கு ஜிஎஸ்டி இல்லை. அது விலக்கு பெற்ற சேவை. நீங்களே எல்ஆர் போட ஆரம்பித்தால் சட்டத்தின் பார்வையில் சரக்குப் போக்குவரத்து ஏஜென்சி ஆகிவிடுகிறீர்கள். அப்போதும் பயப்பட வேண்டாம்: பேக்டரி, கம்பெனி, பார்ட்னர்ஷிப், ஜிஎஸ்டி பதிவுள்ள கடை போன்றவர்கள் உங்கள் வாடகை மேல் 5 சதவீத வரியைத் தாங்களே அரசுக்குக் கட்டிவிடுவார்கள். இப்படிப்பட்ட வாடிக்கையாளர்கள் மட்டும் என்றால் நீங்கள் பதிவு செய்யவே தேவையில்லை.

தேவையில்லாமல் பதிவு எடுத்தவர் வியாபாரமே இல்லாத மாதத்துக்கும் ரிட்டர்ன் போட்டாக வேண்டும். நில் ரிட்டர்னுக்கே தாமதக் கட்டணம் நாளுக்கு 20 ரூபாய். வரியைத் தானே வசூலித்து, இன்புட் கிரெடிட் (வாங்கிய பொருளுக்குக் கட்டிய ஜிஎஸ்டியைக் கழித்துக்கொள்வது) எடுக்கும் வழியும் இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் அதன் விகிதம் 12-லிருந்து 18 சதவீதமாகிவிட்டது. ஆனால் லாரித் தொழிலின் பெரிய செலவு டீசல், டீசலோ ஜிஎஸ்டிக்குள் வராது. டயர், உதிரி பாகத்துக்குக் கிடைக்கும் கிரெடிட்டை நம்பி ஒன்றிரண்டு வண்டிக்காரர் அந்த வழிக்குப் போவதில் லாபம் இருப்பதாகத் தெரியவில்லை.

எல்ஆர் புத்தகம் அச்சடிக்கும் முன் இன்னொன்று. பொதுச் சரக்கேற்றி என்று 2007-ம் ஆண்டு சாலைவழிச் சரக்குச் சட்டப்படி பதிவு வேண்டும். 10 ஆண்டு செல்லும். சரக்கு நாசமானால் இந்தச் சட்டப்படி பொறுப்பு சாதாரணமாக வாடகையின் 10 மடங்கு வரை. வாடகை 12,000 என்றால் 1,20,000. சரக்கு கொடுப்பவர் அதிக மதிப்பைக் குறிப்பிட்டு அதற்கேற்ற கூடுதல் வாடகைக்கு ஒப்புக்கொண்டிருந்தால் பொறுப்பும் ஏறும். பினிஷ்டு லெதர் ஏற்றும்போது அந்தக் கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஈ-வே பில்

தமிழ்நாட்டுக்குள் சரக்கு மதிப்பு 1 லட்சத்தைத் தாண்டினால் ஈ-வே பில் (சரக்கு கொண்டுபோக ஆன்லைனில் எடுக்கும் ஜிஎஸ்டி சீட்டு) வேண்டும்; மாநிலம் தாண்டினால் 50,000. ஆகவே 80,000 ரூபாய் சரக்கு சென்னைக்குப் போகும்போது தேவைப்படாத பில், பக்கத்திலிருக்கும் சித்தூருக்குத் தேவை. ஜிஎஸ்டி பதிவு இல்லாத டிரான்ஸ்போர்ட்டரும் ஈ-வே பில் தளத்தில் படிவம் இஎன்ஆர்-01 மூலம் 15 இலக்க டிரான்ஸ்போர்ட்டர் ஐடி வாங்கிக்கொள்ளலாம்.

செல்லுபடி 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள். ஆம்பூரிலிருந்து தூத்துக்குடி துறைமுகம் சுமார் 550 கிலோமீட்டர் என்றால் 3 நாள். வழியில் வண்டி ஷெட்டில் நின்றால், கெடு முடிவதற்கு முன் 8 மணி நேரம், பின் 8 மணி நேரம், அதற்குள் நீட்டித்துக்கொள்ள வேண்டும். டிரைவர் போன் செய்து சொன்னால்தான் அது நடக்கும். அவரிடம் பில்லின் கெடு நேரத்தைச் சொல்லி அனுப்புகிறவர்கள் குறைவு. வண்டி மாறினால் பில்லில் வண்டி விவரம் வரும் பார்ட் பி-யில் எண்ணை மாற்ற வேண்டும். எண்ணில் ஒன்றிரண்டு இலக்கம் பிசகினால் மொத்தம் 1,000 ரூபாய் அபராதத்தோடு விடச் சொல்லி 2018-லேயே சுற்றறிக்கை இருக்கிறது. பில்லே இல்லாவிட்டாலும் பார்ட் பி காலியாக இருந்தாலும் அந்தச் சலுகை கிடையாது.

இன்சூரன்ஸ்

வண்டிப் பாலிசியில் சரக்கு அடங்காது. அதற்குத் தனிப் பாலிசி. பாலிசித் தாளில் "பப்ளிக் கேரியர்" என்று இருக்கிறதா பாருங்கள். பிரீமியம் குறைவு என்று பிரைவேட் கேரியரில் போட்டுவிட்டு வாடகைக்கு ஓட்டினால் கிளெய்ம் நிற்காது. ஐஎம்டி 23 என்ற கூடுதல் பிரிவைப் பாலிசியில் சேர்க்காவிட்டால் பம்பர், ஹெட்லைட், மட்கார்டு, டயர் ஆகியவற்றின் சேதம் உங்கள் செலவு. டிரைவர், கிளீனருக்கான கூடுதல் பிரீமியத்தைக் கழிக்காதீர்கள். திருவிழாவுக்கோ காதுகுத்துக்கோ சரக்கு வண்டியில் ஆள் ஏற்றி விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கைவிரித்துவிடும், இழப்பீடு ஓனர் தலையில் விழும்.

வருமான வரி

ஆண்டின் எந்த நாளிலும் 10 வண்டிக்கு மேல் இல்லாதவர் கணக்குப் புத்தகம் இல்லாமலே அனுமான வருமானம் காட்டலாம்; ஆடிட்டர்கள் 44ஏஇ என்று சொல்லிப் பழகியது இதைத்தான். மொத்த எடை 12,000 கிலோ வரை வண்டிக்கு மாதம் 7,500 ரூபாய். அதைத் தாண்டிய வண்டிக்கு மொத்த எடையில் டன்னுக்கு மாதம் 1,000, ஆக 18.5 டன் லாரிக்கு ஆண்டுக்கு 2,22,000. வண்டி ஷெட்டில் நின்ற மாதமும், பாதி மாதமும் முழு மாதமாகவே சேரும். தவணையில் உள்ள வண்டியும் உங்கள் வண்டிதான்.

வாடகை கொடுக்கும் கம்பெனி டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடிக்காமல் இருக்க, 10 வண்டிக்கு மேல் இல்லை என்ற உறுதிமொழியை பான் எண்ணோடு முதல் பில்லுக்கு முன்பே கொடுத்துவிடுங்கள். கொடுக்காவிட்டால் தனிநபருக்கு 1 சதவீதம் போகும், பான் இல்லாவிட்டால் 20. பிடித்தபின் ரீஃபண்டுக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

உத்யம் (சிறு தொழில்) பதிவுக்குக் கட்டணம் கிடையாது. அரசுத் தளம் மாதிரியே இருக்கும் தனியார் தளங்களில் ஆயிரம், இரண்டாயிரம் கட்டிவிட்டு வருகிறார்கள். ஆதாரும் பானும் கையில் இருந்தால் அரை மணி நேர வேலை.