ஓசிடி ஆய்வுகளில் தன்னார்வலராகச் சேர்வது எப்படி?

ஓசிடி (அப்செசிவ் கம்பல்சிவ் டிஸார்டர்) எனப்படும் எண்ணச் சுழற்சி நோய்க்குச் சிகிச்சை பெற்று வருபவர்கள், அந்நோய் பற்றிய ஆய்வில் பங்கேற்க விரும்பினால் என்ன செய்ய வேண்டும் என்பதை, நானே பங்கேற்ற அனுபவத்தைக் கொண்டு எழுதுகிறேன்.

முதலில் தேடல். இந்தியாவில் நடைபெறும், சிகிச்சைகளைச் சோதிக்கும் மருத்துவ ஆய்வுகளை சிடிஆர்ஐ என்னும் தேசியப் பதிவேட்டில் பதிவு செய்வது 2009 ஜூன் முதல் கட்டாயம். அதன் இணையதளத்தில் நோயின் பெயரை ஆங்கிலத்தில் முழுமையாக ஒருமுறையும் சுருக்கமாக ஒருமுறையும் இட்டுத் தேடுங்கள். முடியைப் பிடுங்குதல், தோலைக் கிள்ளுதல், பொருள்களைக் குவித்து வைத்தல் போன்ற தொடர்புடைய நோய்களுக்கு அவற்றின் பெயரிலேயே தனியாகத் தேட வேண்டும். 'ஓப்பன் டு ரெக்ரூட்மென்ட்' (ஆள் சேர்ப்பு நடைபெறுகிறது) என்றிருப்பவை மட்டுமே உங்களுக்கு உரியவை. மூளை ஸ்கேன், வினாத்தாள் போன்ற ஆய்வுகள் சில பதிவேட்டில் இருக்காது என்பதால் மருத்துவரிடமும் கேளுங்கள். பெங்களூருவிலுள்ள நிம்ஹான்ஸ் என்னும் மனநல, நரம்பியல் மருத்துவ நிறுவனத்தில் ஓசிடிக்கென்றே தனி கிளினிக் இருக்கிறது. பதிவேட்டின் பதிவெண்ணோ, ஆய்வுகளைப் பரிசீலித்து அனுமதிக்கும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலோ குறிப்பிடாத சமூக ஊடக விளம்பரங்களை நான் பொருட்படுத்துவதே இல்லை.

அடுத்தது தகுதி. மருந்தின் அளவு சில வாரங்களாக மாறாமல் இருக்க வேண்டும் எனப் பல ஆய்வுகள் கேட்கும். தகுதி பெறுவதற்காக மருந்தை நீங்களாகவே நிறுத்தவோ குறைக்கவோ கூடாது. மருந்துச் சீட்டுகளைத் தேதி வாரியாக அடுக்கிய கோப்பு ஒன்றைக் கொண்டு செல்லுங்கள். கைப்பேசிப் படங்களைவிட அதுவே மேல்.

பின்னர் நேர்காணல். ஓசிடியின் தீவிரத்தை அளக்கும் ஒய்-பாக்ஸ் என்னும் அளவுகோலில் 10 கேள்விகளுக்குத் தலா 0 முதல் 4 வரை மதிப்பெண் இட்டு, மொத்தம் 40-க்குக் கணக்கிடுவார்கள். அதற்கு முன்பாக அறிகுறிப் பட்டியல் ஒன்றைக் கேட்பார்கள். பெற்ற பிள்ளையைத் தாக்கிவிடுவோமோ என்ற அச்சம், சாமி சன்னதியில் எழும் ஆபாச எண்ணம் என எதை வாய்விட்டுச் சொல்லக் கூசுகிறோமோ, அந்த வகைகளெல்லாம் அப்பட்டியலில் ஏற்கெனவே அச்சிடப்பட்டிருக்கின்றன. ஆகவே தயங்காமல் சொல்லுங்கள்.

என்னை அதிக நேரம் நிறுத்தி வைத்தது ஒப்புதல் படிவம். மருந்தற்ற மாத்திரை தரப்படுமா, எந்தப் பிரிவில் சேர்க்கப்படுவோம் என்பது குலுக்கல் முறையில் முடிவாகுமா, தகவல்களை யார் பார்ப்பார்கள், ஆய்வினால் பாதிப்பு நேர்ந்தால் இலவச சிகிச்சை உண்டா ஆகிய நான்கையும் அதில் தேடிப் படிப்பது அவசியம். ஆனால் ஓசிடி உள்ளவர்களுக்குப் படித்த பக்கத்தையே திரும்பத் திரும்பப் படிக்கத் தோன்றும். ஏதோ ஒரு வரியை விட்டுவிட்டோமோ என்ற ஐயம் கையெழுத்திட விடாது. எனவே தமிழ்ப் படிவத்தைக் கேட்டு வாங்கி, வீட்டிற்கு எடுத்துச் சென்று, நம்பிக்கையான ஒருவருடன் ஒருமுறை படியுங்கள். கேள்விகளை ஒரே தாளில் எழுதி, ஒரே அமர்வில் கேட்டு முடியுங்கள். விடை எதுவாக இருந்தாலும் உங்கள் முடிவு மாறாது என்றால், அது நோய் கேட்கும் கேள்வி. அதைத் தாளில் எழுத வேண்டாம். காரணம் சொல்லாமலேயே எந்தக் கட்டத்திலும் ஆய்விலிருந்து விலகலாம், அதனால் வழக்கமான சிகிச்சை பாதிக்கப்படாது என்பது உங்கள் உரிமை. அந்த உரிமை இருப்பதால்தான், முழு நிச்சயம் வரும்வரை காத்திராமல் கையெழுத்திட என்னால் முடிந்தது.

எம்ஆர்ஐ ஸ்கேன் உள்ள ஆய்வென்றால் மெட்டி, தாலிச் சங்கிலி, ஊக்கு அனைத்தையும் கழற்றச் சொல்வார்கள். கழற்ற இயலாத மெட்டி இருந்தால் முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள்.

பின்சேர்க்கை: பிள்ளைகளைச் சேர்க்கலாமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். அத்துடன் ஐசிஎம்ஆர் எனப்படும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நெறிமுறைகளின்படி 7 முதல் 12 வயது வரை பிள்ளையின் வாய்மொழிச் சம்மதமும், அதற்கு மேல் எழுத்துச் சம்மதமும் பெறப்பட வேண்டும். பிள்ளை மறுத்தால் அந்த மறுப்புக்கு மதிப்பளிக்க வேண்டும்.