கலங்கல் எண்ணைப் படிப்பது எப்படி: என்டியூவும் எஃப்என்யூவும்

மேட்டூர் திறந்து கல்லணை தாண்டி வரும் புதுத்தண்ணீர் வண்டலோடுதான் வரும். அந்தக் கலங்கலைக் கருவியில் அளந்து குறிக்கும்போது எண்ணோடு அலகையும் எழுதுங்கள். வெறும் "85" யாருக்கும் உதவாது.

என்டியூ (NTU), எஃப்என்யூ (FNU) இரண்டும் கலங்கலின் அலகுகள். என்டியூ என்றால் வெள்ளை ஒளியைப் பாய்ச்சி, 90 பாகையில் சிதறுவதை அளந்தது. எஃப்என்யூவுக்கும் அதே 90 பாகைதான், ஆனால் 860 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளி. இரண்டையும் ஃபார்மசின் என்ற, கலங்கல் அளவு தெரிந்த தரத் திரவத்தில்தான் சரிபார்க்கிறோம்; அதில் இரண்டும் ஒத்துப்போகும். ஆற்றுத் தண்ணீரில் அப்படி நம்பக் கூடாது. இலைதழை ஊறிய பழுப்புத் தண்ணீரில் நிறமே வெள்ளை ஒளியை விழுங்கிவிடும். என்டியூ குறைத்துக் காட்டும். ஜேடியூ (JTU) மெழுகுவத்திச் சுடர் காலத்து அலகு, பழைய பதிவேட்டோடு சரி. லிட்டருக்கு மில்லிகிராம் என்பது வண்டலின் எடை, கலங்கல் அல்ல.

கருவியில் வைக்கும் கண்ணாடிக் குப்பியை மாதிரித் தண்ணீராலேயே இரண்டு முறை அலசுங்கள். மூடி, மெல்லத் தலைகீழாகப் புரட்டுங்கள். குலுக்கினால் காற்றுக்குமிழி ஏறி எண் கூடிவிடும். வெளிப்பக்கக் கைரேகையையும் ஈரத்தையும் பஞ்சுத்துணியால் துடையுங்கள். கீறல் விழுந்த குப்பி வேண்டவே வேண்டாம். உடனே படியுங்கள். எண் இறங்கிக்கொண்டே போனால் மணல் அடியில் படிகிறது. மறுபடி புரட்டி அளக்க வேண்டும்.

குடிநீருக்கு ஐஎஸ் 10500 என்ற இந்தியத் தரநிலை சொல்லும் வரம்பு 1 என்டியூ. வேறு நீராதாரமே இல்லையென்றால் 5 வரை. அதற்கு மேல் போனால் கிருமிகள் துகளுக்குள் ஒளிந்துகொள்ளும். முதலில் தெளியவைத்து வடிகட்டி, பிறகு குளோரின் போடுங்கள்.