தூண்டில் கோலை உடையாமல் கூரியரில் அனுப்புவது எப்படி?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் செண்டரோ ஏரிக்குத் தோமான், செபராவ் மீன் பிடிக்கப் போகிறவர்கள் நிறைய. புதுக் கோல் வந்ததும் பழையது கதவு மூலைக்குப் போய்விடும். அதை ஷோப்பி, காரோசெல் மாதிரி இணையச் சந்தையில் போட்டு நாலு காசு பார்க்கலாம் என்று தோன்றும். விற்பது சுலபம்தான். ஜொகூரில் இருக்கிறவர் கைக்கு அதை முழுசாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பதில்தான் வேலை இருக்கிறது.

கோல் வழியில் உடைவதற்குப் பெரும்பாலும் இரண்டே காரணம். ஒன்று, மேலே வேறு சாமான் ஏறி நசுங்குவது. இன்னொன்று, குழாய்க்குள்ளேயே முன்னும் பின்னும் ஓடி நுனி முட்டிக்கொள்வது. கார்பன் கோல் நன்றாக வளையும், ஆனால் பக்கவாட்டில் விழும் அடியைத் தாங்காது. சின்னக் கீறல் பட்டிருந்தால் பிரித்துப் பார்க்கும்போது ஒன்றும் தெரியாது. பெரிய மீன் இழுக்கும் நேரத்தில் அதே இடத்தில் படீரென்று முறியும். அப்புறம் வாங்கியவர் யாரைத் திட்டுவார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

1. முதலில் சோதனை

ரீலைக் கழற்றுங்கள். ரீல் மாட்டிய கோலை அப்படியே அனுப்பவே கூடாது. இரண்டையும் சேர்த்து விற்றாலும் ரீலைத் தனிப் பெட்டியில் போடுங்கள். கொக்கி, லூர் (போலி இரை) எதுவும் கோலில் தொங்கக் கூடாது.

பிறகு கோலில் நூல் ஓடும் ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் பஞ்சை விட்டு ஒரு சுற்றுச் சுற்றுங்கள். உள்ளே இருக்கும் பீங்கான் வளையத்தில் விரிசல் இருந்தால் பஞ்சு இழை அதில் சிக்கிக்கொள்ளும். சிக்கினால் அதைப் படமெடுத்து, வாங்குகிறவருக்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

ஈரத் துணியால் துடைத்து நன்றாகக் காய விடுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் ஈரத்தோடு மூடி அனுப்பினால் கார்க் பிடியில் பூஞ்சை பிடிக்கும்.

2. குழாய் தேடுவது

இரண்டு துண்டாகக் கழலும் 7 அடிக் கோல் என்றால் ஒவ்வொரு துண்டும் ஏறக்குறைய 110 சென்டிமீட்டர் வரும். குழாயை அதைவிட 10 சென்டிமீட்டராவது நீளமாக எடுங்கள். இரண்டு துண்டையும் ஒன்றாகப் பிடித்து, வளையம் துருத்தும் இடத்தில் அகலத்தை அளந்துகொள்ளுங்கள். ரீல் கீழே தொங்கும் ஸ்பின்னிங் கோலில் பிடிக்குப் பக்கத்து வளையம் பெரியது. அதற்கு 3 அங்குல பிவிசி குழாய் தேவைப்படும். ரீல் மேலே உட்காரும், சின்ன வளையம் உள்ள பேய்ட்காஸ்டிங் கோல் பெரும்பாலும் 2 அங்குலத்துக்குள் அடங்கிவிடும்.

ஹார்ட்வேர் கடையில் முழு நீளக் குழாயாக வாங்கினால் காசு அதிகம். வெட்டித் தருகிற கடையாகப் பாருங்கள், இல்லாவிட்டால் வீடு கட்டும் இடத்தில் மிச்சத் துண்டு கேளுங்கள். வெட்டிய விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து, உள்ளே இருக்கும் தூளைத் தட்டிவிடுங்கள்.

காசே வேண்டாம் என்றால் ஜவுளிக்கடைதான். துணி சுற்றி வரும் அட்டைக் குழாயைத் தீபாவளிக்கு முன்னால் கேட்டால் எடுத்துப் போ என்பார்கள். ஆனால் தரையில் வைத்து உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். கொஞ்சம் அமுங்கினாலும் அது இந்த வேலைக்கு உதவாது.

3. கட்டுவது

இந்தப் படிக்கு மட்டும் அவசரப்படாதீர்கள். நான் பெரிதும் நம்புவது இதைத்தான்.

துண்டுகளைவிட இரண்டு விரல் அகலம் நீளமான மூங்கில் குச்சியோ பழைய துடைப்பக் கம்போ ஒன்றை எடுங்கள். இரண்டு துண்டையும் அதோடு சேர்த்துக் கட்டப் போகிறோம். நுனித் துண்டைத் திருப்பி, அதன் நுனி பிடிப் பக்கம் வரும்படி வையுங்கள். ஆனால் கம்பின் இரு முனையும் கோலைத் தாண்டி நிற்க வேண்டும். குழாய் குத்துப்பட விழுந்தாலும் அடி கம்பில்தான் இறங்கும்.

ஒரு துண்டின் வளையம் அடுத்த துண்டின் உடம்பில் உரசக் கூடாது. இதற்கு ஏர்கோன் குழாய்க்குப் போடும் கறுப்பு ஸ்பாஞ்சுக் குழாயைவிடச் சிறந்தது எனக்குத் தெரிந்து எதுவும் இல்லை. ஏர்கோன் பொருத்துகிறவரிடம் மிச்சத் துண்டு கிடைக்கும். நீளவாக்கில் கீறி, வளையங்களுக்கு இடையில் இருக்கும் வெற்றிடங்களில் மாட்டுங்கள். நுனி வளையத்துக்கு ஒரு சின்னத் துண்டைத் தனியாகத் தொப்பி போல் மாட்டி, நூலால் கட்டிவிடுங்கள்.

கட்டுவதற்குத் துணிப் பட்டை போதும். செலோடேப்பைக் கோலின் மேல் நேரடியாக ஒட்டாதீர்கள். உரிக்கும்போது எழுத்தும் வார்னிஷும் கூடவே வரும். ரப்பர் பேண்டும் வேண்டாம், சூட்டில் இளகி ஒட்டிக்கொள்ளும். கடைசியாகக் கம்போடு கட்டிய கோல் முழுவதையும் பபிள் ராப்பில் சுற்றுங்கள், குழாய்க்குள் லேசாக இறுகிப் போகும் அளவுக்கு.

4. மூடுவது

குழாயின் அடியில் கசக்கிய செய்தித்தாளை அழுத்தி வைத்து, கட்டிய கோலை உள்ளே இறக்கி, மேலேயும் அதே மாதிரி திணியுங்கள். முகவரி எழுதிய தாள் ஒன்றை உள்ளேயும் போடுங்கள். வெளி லேபிள் கிழிந்தால் அது காப்பாற்றும். இப்போது குழாயைக் காதருகே வைத்து ஆட்டுங்கள். ஏதாவது சத்தம் கேட்டால் திறந்து இன்னும் திணியுங்கள். சத்தம் நின்ற பிறகே மூடியைப் போடுங்கள்.

பிவிசி மூடியைப் பசை போட்டு ஒட்ட வேண்டாம், வாங்கியவர் ரம்பம் தேட வேண்டியிருக்கும். டேப்பை மூடியின் மேல் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டி, பிறகு சுற்றிலும் ஒட்டினால் போதும்.

கோலைக் காட்டுவதில் தொடங்கி மூடி ஒட்டுவது வரை நிறுத்தாமல் ஒரே வீடியோ எடுத்து வையுங்கள். பிரிக்கும்போது வீடியோ எடுக்கும்படி வாங்குகிறவரிடமும் சொல்லுங்கள். தகராறு வந்தால் இரண்டு பேருக்கும் நல்லது.

5. லேபிளும் கட்டணமும்

பார்கோடு குழாயின் நீளவாக்கில் படுக்க வேண்டும். வளைவைச் சுற்றி ஒட்டினால் ஸ்கேனர் படிக்காது. உருண்டைக் குழாய் மேசையிலும் லாரியிலும் உருளும், ஒரு பக்கத்தில் தட்டையான கனத்த அட்டையை ஒட்டினால் நிற்கும். ‘கவனம், உடையும்’ ஸ்டிக்கர் ஒட்டுவது உங்கள் விருப்பம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

விலை போடும் முன்பே கட்டணத்தைப் பார்த்துவிடுங்கள். நீளமான பார்சலுக்குக் கூரியர்கள் கன அளவையும் எடையாக மாற்றிக் கணக்கிடுவார்கள். பலர் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பார்கள். 120 × 9 × 9 என்றால் 9720, வகுத்தால் கிட்டத்தட்ட 2 கிலோ. கோலின் எடையை மட்டும் நினைத்து விலை போட்டால் லாபம் அங்கேயே போய்விடும். சபா, சரவாக் என்றால் கட்டணம் இன்னும் ஏறும், அதைத் தனியாகக் கேளுங்கள்.

கழலாத ஒரே துண்டுக் கோலா? 7 அடி என்றால் 213 சென்டிமீட்டர். எல்லாக் கவுண்டரிலும் இதை எடுக்க மாட்டார்கள். குழாய் வெட்டும் முன்பே போன் போட்டு நீள வரம்பைக் கேளுங்கள். முடியாது என்றால் எக்ஸ்பிரஸ் பஸ் கம்பெனிகளிடம் பார்சல் எடுப்பார்களா என்று விசாரியுங்கள், அல்லது ஈப்போவுக்குள் நேரில் கைமாற்றிக்கொள்ள ஆள் பாருங்கள்.

திங்கள் அல்லது செவ்வாய் காலையில் கொண்டுபோய்க் கொடுங்கள். வெள்ளிக்கிழமை கொடுத்தால் சனி, ஞாயிறு முழுக்கக் கிடங்கில் மற்ற மூட்டைகளுக்கு அடியில் கிடக்கலாம். 11.11, 12.12 இணையத் தள்ளுபடி விற்பனையும் பெருநாள் கூட்டமும் ஓயும் வரை பொறுப்பது இன்னும் நல்லது. ரசீது எண்ணை அன்றைக்கே வாங்கியவருக்கு அனுப்பிவிடுங்கள்.