மழைத்தண்ணி சேம்பருக்கு ஃபில்டர் பை போட்டாச்சா?

ஐப்பசி மழை வர்றதுக்கு முன்னாடியே இத முடிச்சிடுங்க. எங்க அபார்ட்மென்ட்ல கேட் ஓரமா கம்பி கிரில் போட்ட சேம்பர் ஒண்ணு இருக்கு, வாசல் தண்ணி பூரா அதுல எறங்கித்தான் மண்ணுக்கடியில தண்ணி சேக்குற ரீசார்ஜ் கிணத்துக்குப் போகும், போன வருஷம் வேப்ப இலையும் மண்ணும் அடைச்சு முட்டி அளவு தண்ணி நின்னுச்சு. இப்போ கிரில்லுக்கு அடியில ஜியோடெக்ஸ்டைல் (தண்ணிய விட்டுட்டு மண்ணப் பிடிச்சு வைக்கிற துணி) பை தொங்க விட்டிருக்கோம். பையோட விளிம்ப ஃபிரேம்ல இடுக்கு இல்லாம மடிச்சு உக்கார வைக்கணும், இல்லேன்னா மண்ணுத்தண்ணி சைடுல நழுவி உள்ள போயிடும். முக்கியமா மேல ஓவர்ஃப்ளோ ஓட்டை இல்லாத பைய வாங்கவே வாங்காதீங்க, பை அடைச்சுக்கிட்டா வெள்ளம் வாசலுக்கே திரும்பும். சாக்குப்பை போதாதான்னு ஒருத்தர் கேட்டாரு, ரெண்டு மழை தாங்காது சாமி!

ஒவ்வொரு பெரிய மழைக்கப்புறமும் திறந்து பாருங்க, பாதி ரொம்பினதுமே எடுத்துடணும், முழுசா ரொம்ப விட்டா ஈரமண்ணு வெயிட்டுக்கு ரெண்டு பேர் இழுத்தாலும் வராது, பையும் கிழியும். கொட்டிட்டு வெளிப்பக்கத்துலேர்ந்து தண்ணி அடிச்சு அலசுங்க, அலசுன சேறத் திரும்ப சேம்பர்லயே ஊத்திடாதீங்க. வண்டி ஆயில் கலந்த மண்ணுங்கிறதால செடிக்கும் வேணாம்.