மிரர்லெஸ் கேமரா: கண்ணாடி போனபின் நேரும் தவறுகள்

டி.எஸ்.எல்.ஆர். கேமராவின் லென்ஸைக் கழற்றி உள்ளே பார்த்தால் முதலில் கண்ணில் படுவது சாய்ந்து நிற்கும் ஒரு கண்ணாடி. லென்ஸ் வழியே வரும் ஒளியை மேலே திருப்பி நம் கண்ணுக்கு அனுப்புவது அதுதான். படம் பதிவாகும் கணத்தில் மட்டும் மேலே எழும்பி, பின்னால் இருந்து படத்தைப் பதிவு செய்யும் சென்சாருக்கு வழிவிடும். மிரர்லெஸ் கேமராவில் அந்தக் கண்ணாடி இல்லை. லென்ஸைக் கழற்றினால் பெரும்பாலான கேமராக்களில் எதிரே இருப்பது சென்சார். கேமரா விழித்திருக்கும் நேரமெல்லாம் சென்சாரும் விழித்திருக்கிறது. அது காண்பதைத்தான் கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டருக்குள் இருக்கும் சின்னத் திரையில் நாம் பார்க்கிறோம்.

இந்த வகைக் கேமராவின் பலம், பலவீனம் இரண்டுக்கும் பெரும்பாலும் இந்த ஒரு மாற்றமே வேர். புதிதாக வாங்கியவர்கள் என்னிடம் கொண்டுவரும் குறைகளைக் கேட்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது இதுதான்: கேமரா மாறிவிட்டது, கையில் பழைய பழக்கம் மாறவில்லை.

எடை குறையும் என்ற நம்பிக்கையிலிருந்து தொடங்கலாம். பாடி, அதாவது லென்ஸ் இல்லாத கேமரா, சிறியது என்பது உண்மை. ஆனால் தோளில் தொங்குவது பாடி மட்டுமல்ல. டி.எஸ்.எல்.ஆரான கேனான் 5டி மார்க் 4 பேட்டரியோடு சுமார் 890 கிராம். மிரர்லெஸ் வகையில் வந்த இஓஎஸ் ஆர் சுமார் 660 கிராம். இரண்டிலும் 24-70 மி.மீ. எஃப்/2.8 லென்ஸை மாட்டிப் பாருங்கள். பழைய இஎஃப் லென்ஸ் 805 கிராம், புதிய ஆர்எஃப் லென்ஸ் 900 கிராம். புதியதில் நடுக்கம் தணிக்கும் வசதி கூடுதலாக இருக்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். ஆனாலும் மொத்தத்தில் குறைவது 135 கிராம்தான். பை இலேசாக வேண்டும் என்பவர்கள் சிறிய சென்சார் கொண்ட பாடியையும் அதற்கான சிறிய லென்ஸையும் சேர்த்துப் பார்த்து வாங்க வேண்டும். கடையில் வெறும் பாடியைக் கையில் தூக்கிப் பார்த்து முடிவெடுப்பது தவறு.

பழைய லென்ஸ்களை அடாப்டர் (பாடிக்கும் லென்ஸுக்கும் இடையில் மாட்டும் இணைப்பு வளையம்) போட்டு ஓட்டிவிடலாம் என்ற கணக்கும் அப்படித்தான், பாதி சரி. கேனான் இஎஃப் லென்ஸ்கள் மிரர்லெஸ் ஆர் வகைப் பாடிகளில் அடாப்டர் வழியாகத் தானாகவே ஃபோகஸ் ஆகும், தொல்லை இல்லை. நிக்கானில் சற்று விசாரிக்க வேண்டும். நம்மில் பலரிடம் இருக்கும் 50 மி.மீ. எஃப்/1.8டி லென்ஸுக்குள் மோட்டார் கிடையாது. பாடியில் இருக்கும் மோட்டாரை நம்பி வேலை செய்வது அது. மிரர்லெஸ் இசட் பாடிகளிலும் அந்த மோட்டார் இல்லை, நிக்கானின் எஃப்டிஇசட் அடாப்டரிலும் இல்லை. ஆகவே லென்ஸ் மாட்டும், படமும் எடுக்கும், ஆனால் ஃபோகஸ் வளையத்தை விரலால் திருப்பித்தான் ஆக வேண்டும். ஓடும் குழந்தையைப் படம் பிடிக்கப் போகிறவருக்கு இது பெரிய இழப்பு. கையில் இருக்கும் லென்ஸின் பெயரை எழுத்து விடாமல் படித்துக் கேட்டுவிட்டு அடாப்டர் வாங்குங்கள்.

பேட்டரி விஷயத்தில் ஒரே நிறுவனத்தின் இரண்டு கேமராக்களை ஒப்பிட்டாலே போதும். 2017இல் வந்த டி.எஸ்.எல்.ஆரான நிக்கான் டி850க்கு ஒரு சார்ஜில் 1840 படங்கள் என்று குறித்திருந்தார்கள். 2018இல் வந்த மிரர்லெஸ் இசட் 7க்கு 330. இரண்டிலும் இருப்பது ஏறத்தாழ ஒரே பேட்டரிதான். இந்த எண்கள் ஜப்பானின் கேமரா தொழில் சங்கமான சிபா வகுத்த சோதனை முறைப்படி வந்தவை. தொடர்ச்சியாகப் படம் எடுத்தால் இதைவிட அதிகமாகவே கிடைக்கும். செலவு படத்தில் இல்லை, பார்ப்பதில் இருக்கிறது. டி.எஸ்.எல்.ஆரில் வியூஃபைண்டர் வழியாக மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தாலும் பெரிய செலவு கிடையாது. இங்கே பார்ப்பதே மின்சாரம். அதனால் காலையில் ஆன் செய்துவிட்டு மாலைவரை கழுத்தில் தொங்கவிடுவது தவறு. தொங்கும்போது வியூஃபைண்டர் அருகே இருக்கும் உணரி நம் சட்டையைக் கண் என்று நினைத்துத் திரையை எரியவிடும். வேலை இல்லாதபோது சுவிட்சை அணைக்கும் பழக்கத்தையும், நாள் முழுக்க வேலை என்றால் மூன்று பேட்டரிகளையும் நான் கட்டாயம் என்றே சொல்வேன்.

அடுத்தது தூசி. நான் விலை கொடுத்துக் கற்றுக்கொண்டது இது. தனுஷ்கோடியில் காற்று வீசிக்கொண்டிருந்தபோது மணலில் நின்றபடியே லென்ஸ் மாற்றினேன். இருபது நொடிகூட ஆகியிருக்காது. வீட்டுக்கு வந்து பெரிய திரையில் பார்த்தால், வானத்தில் இடது மேல் மூலையில் சாம்பல் நிறத்தில் மூன்று புள்ளிகள், படத்துக்குப் படம் அதே இடத்தில். எஃப்/2.8இல் எடுத்த முகங்களில் அவை தெரியவே இல்லை. எஃப்/11இல் எடுத்த கடல் காட்சிகள் எல்லாவற்றிலும் இருந்தன. எஃப் எண் கூடினால் லென்ஸின் துவாரம் சிறுக்கும்; துவாரம் சிறுத்தால் தூசியின் நிழல் கூர்மையாகிவிடும். சென்சாரில் படம் தலைகீழாக விழுவதால், இடது மேல் மூலையில் தெரிந்த புள்ளிக்கான தூசி, லென்ஸ் வாயை நம் பக்கம் திருப்பி வைத்துப் பார்க்கும்போது இடது கீழ் மூலையில் உட்கார்ந்திருந்தது.

லென்ஸ் மாற்றும்போது முதலில் கேமராவை அணையுங்கள். மாட்டப்போகும் லென்ஸின் பின்மூடியை முன்பே தளர்த்தித் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். கேமராவின் வாய் தரையைப் பார்க்கட்டும், உங்கள் முதுகு காற்றைப் பார்க்கட்டும். கல்யாண மண்டபத்தில் ஹோமப் புகைக்குப் பக்கத்திலோ பெரிய மின்விசிறிக்கு எதிரிலோ மாற்றவே கூடாது. இஓஎஸ் ஆர் போன்ற சில கேமராக்கள் அணைத்ததும் சென்சாருக்கு முன் இருக்கும் மறைப்பான ஷட்டரை மூடி அதை மறைக்கும். நல்ல வசதிதான், ஆனால் அந்த ஷட்டர் தகடுகள் மிக மெல்லியவை, விரல் படக்கூடாது. தூசி தெரிந்தால் ரப்பர் பந்தால் காற்றடிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். சட்டை நுனியால் துடைத்தால் கீறல் விழும், பிறகு அதைச் சரிசெய்ய ஆகும் செலவில் ஒரு லென்ஸ் வாங்கிவிடலாம். பழைய கேமரா வாங்கப் போகிறவர்கள் எஃப்/16 வைத்து, ஃபோகஸைக் கலைத்து, வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

மேடை லேசர் விளக்குகளையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். வரவேற்பு மேடையில் சுழலும் லேசர் கதிர் நேராக லென்ஸுக்குள் விழுந்தால் சென்சாரில் நிரந்தரமான கோடு விழலாம். இங்கே தடுப்பதற்குக் கண்ணாடி இல்லை. கதிர் உங்கள் பக்கம் திரும்பும்போது கேமராவைத் தாழ்த்துங்கள்.

இத்தனை சொன்னாலும், படம் எப்படி வரும் என்பதை எடுக்கும் முன்பே காட்டும் வியூஃபைண்டருக்காகவே நான் மிரர்லெஸ் பக்கம் வந்தேன். வெளிச்சம் கூடினாலும் குறைந்தாலும் உடனே தெரிகிறது. ஃபோகஸும் அப்படியே. முன்பு ஃபோகஸ் பார்ப்பதற்குத் தனி உணரி இருந்தது. அதற்கும் சென்சாருக்கும் நூலளவு வித்தியாசம் இருந்தாலும் கண்ணுக்குப் பதில் காது மடல் தெளிவாக விழும். இப்போது படம் பிடிக்கும் சென்சாரே ஃபோகஸும் பார்ப்பதால் அந்தத் தொல்லை போயிற்று. மணப்பெண்ணைச் சுற்றிப் பத்து முகங்கள் இருக்கும்போது கேமராவே முகத்தைத் தேர்ந்தெடுக்கட்டும் என்று விடாமல், ஃபோகஸ் கட்டத்தைப் பெண்ணின் முகத்துக்கு நகர்த்திவிட்டால் கண்ணைப் பிடிக்கும் வேலையை அது பார்த்துக்கொள்ளும்.

ஆனால் ஸ்டூடியோவில் இதே வியூஃபைண்டர் புதியவர்களைப் பதற வைக்கிறது. ஷட்டர் வேகம் 1/160 நொடி, துவாரம் எஃப்/8, ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓ 100 என்று வைத்துக் கண்ணருகே கொண்டுபோனால் ஒரே இருட்டு. கேமரா கெட்டுப்போகவில்லை. பிளாஷ் இனிமேல்தான் எரியப்போகிறது என்பது அதற்குத் தெரியாது. அறையில் இருக்கும் வெளிச்சத்துக்கு இந்த அமைப்பில் படம் கறுப்பாகத்தான் வரும் என்று உண்மையைக் காட்டுகிறது. அதைப் பார்த்து ஐஎஸ்ஓவை ஏற்றினால் பிளாஷ் எரிந்ததும் முகம் வெளுத்துவிடும். அமைப்பின் விளைவைத் திரையில் காட்ட வேண்டாம் என்று சொல்லும் ஒரு தேர்வு மெனுவில் இருக்கும்; பிளாஷ் வேலைக்கு மட்டும் அதை மாற்றிக்கொண்டு, முடிந்ததும் திருப்பி வைத்துவிடுங்கள்.

சத்தமில்லாத ஷட்டர் கிடைத்த மகிழ்ச்சியில் எல்லா இடத்திலும் அதையே பயன்படுத்துவது இன்னொரு தவறு. தகடுகள் அசையாத இந்த எலக்ட்ரானிக் ஷட்டரில் பெரும்பாலான கேமராக்கள் படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிக்கின்றன. முழுதும் படித்து முடிக்க 1/20 நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் தரமற்ற எல்.இ.டி. விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கும். ஆக, அந்த 1/20 நொடிக்குள் ஐந்து முறை வெளிச்சம் ஏறி இறங்கும், படத்தில் ஐந்து கறுப்புப் பட்டைகள் விழும். வேகமாகக் கை வீசுபவரின் கையும் வளைந்து தெரியும். 2021இல் வந்த நிக்கான் இசட் 9 போன்ற விலை உயர்ந்த கேமராக்கள் மிக வேகமாகப் படித்துவிடுவதால் அவற்றில் இந்தத் தொல்லை வெகுவாகக் குறைவு. மற்றவர்கள் மண்டபத்துக்குள் நுழைந்ததும் மேடை விளக்கில் இரண்டு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். பட்டை தெரிந்தால் ஷட்டர் வேகத்தை 1/100 அல்லது 1/50க்குக் கொண்டுவாருங்கள். அப்போதும் போகவில்லை என்றால், தாலி கட்டும் நேரத்துக்கு முன்பே மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறிவிடுங்கள்.