வீட்டுக் கணினியில் டிஜே மென்பொருள்: சேகாவும் குத்துப்பாட்டும் தடங்கலின்றித் தொடர

நிச்சயதார்த்தம், பிறந்தநாள், ஆண்டிறுதி விருந்து என எதுவானாலும், மொரீஷியஸ் தமிழ் வீடுகளில் தமிழ்த் திரைப்பாடல், சேகா எனும் மொரீஷியஸ் நாட்டுப்புற இசை, இந்திப் பாடல், பிரெஞ்சுப் பாடல் ஆகிய நான்கும் ஒரே மாலையில் ஒலித்தாக வேண்டும். சாதாரண மியூசிக் பிளேயரில் ஒரு பாடல் முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் சில வினாடிகள் மௌனம் விழும். ஆடிக்கொண்டிருப்பவர்கள் அதற்குள் நாற்காலிக்குத் திரும்பிவிடுவார்கள். டிஜே பாணி மென்பொருள் இரண்டு பாடல்களை இரண்டு 'டெக்'குகளில் வைத்துக்கொண்டு, ஒன்று ஓடும்போதே மற்றொன்றை உள்ளே கொண்டுவர உதவுகிறது. இதற்குத் தனிக் கருவி தேவையில்லை. வீட்டிலுள்ள லேப்டாப்பே போதும்.

புதிதாகத் தொடங்குபவருக்கு 'மிக்ஸ்' (Mixxx) என்ற மென்பொருளையே பரிந்துரைக்கிறேன். 2001-இல் ஓர் ஆய்வு மாணவரின் முனைவர் பட்டப் பணியாகத் தொடங்கிய இது, இன்றும் கட்டணமின்றி, திறந்த மூல மென்பொருளாகக் கிடைக்கிறது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். 'வெர்ச்சுவல் டிஜே'யும் நல்ல மென்பொருள்தான். ஆனால் கட்டணப் பதிப்பு, இலவசப் பதிப்பு என்ற பாகுபாடு மிக்ஸில் இல்லை. ஒன்றை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்: மிக்ஸுக்குப் பாடல் கோப்புகள் கணினியிலேயே இருக்க வேண்டும். மாதச் சந்தா செயலிகளில் சேமித்து வைத்த பாடல்கள் அந்தச் செயலிக்குள் மட்டுமே திறக்கும் என்பதால் இங்கே பயன்படா. முடிந்தவரை 320 கேபிபிஎஸ் (வினாடிக்கு எவ்வளவு ஒலித்தரவு என்பதன் அளவு) எம்பி3 அல்லது தரம் குறையாமல் சுருக்கிய ஃபிளாக் கோப்புகளையே சேருங்கள். 128 கேபிபிஎஸ் பாடலின் குறை லேப்டாப் ஸ்பீக்கரில் தெரியாது, பெரிய ஸ்பீக்கரில் நன்றாகவே தெரியும்.

அடுத்து ஒலி வெளியேறும் வழிகள். கூட்டத்துக்குக் கேட்கும் ஒலி ஒன்று, அடுத்த பாடலை நீங்கள் மட்டும் ஹெட்ஃபோனில் கேட்டுப் பார்க்கும் ஒலி மற்றொன்று. லேப்டாப்பில் பெரும்பாலும் ஒரே ஒலித்துளைதான் இருக்கும் என்பதால், விலை குறைந்த ஒரு யூஎஸ்பி சவுண்ட் கார்டு வாங்கிக்கொள்ளுங்கள். மிக்ஸின் விருப்பத்தேர்வுகளில் 'சவுண்ட் ஹார்ட்வேர்' பக்கத்தைத் திறந்து, 'மெயின்' வெளியீட்டை யூஎஸ்பி கார்டுக்கும், 'ஹெட்ஃபோன்ஸ்' வெளியீட்டை லேப்டாப்பின் சொந்தத் துளைக்கும் கொடுங்கள். அதே பக்கத்திலுள்ள 'ஆடியோ பஃபர்' (ஒலியை வெளியிடுமுன் கணினி சற்றே தேக்கி வைக்கும் இடம்) அளவை 23 மில்லிவினாடி அளவில் வையுங்கள். அதைவிடக் குறைத்தால் பொத்தான் அழுத்தியவுடன் ஒலி மாறும், ஆனால் பழைய கணினிகளில் பொரியும் சத்தம் கேட்கும். விண்டோஸின் அறிவிப்பு ஒலிகளை மறக்காமல் அணைத்துவிடுங்கள். தாலாட்டும் மெல்லிசைக்கு நடுவே மின்னஞ்சல் மணி அடிப்பதைவிட அபத்தம் வேறில்லை.

ஆம்ப்ளிஃபையரில் இணைத்ததும் 'உம்ம்' என்ற இரைச்சல் கேட்டால், முதலில் லேப்டாப்பின் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால், எர்த் இணைப்பு இரண்டு வழிகளில் சுற்றி வருவதே காரணம். நம் வீடுகளில் பிரிட்டிஷ் மூன்று முனை பிளக்கும் பிரெஞ்சு இரண்டு முனை பிளக்கும் அடாப்டர்களோடு கலந்திருப்பதால், எது எர்த்துடன் இணைந்துள்ளது என்று பார்த்த உடனே தெரிவதில்லை. கணினியையும் ஆம்ப்ளிஃபையரையும் ஒரே நீட்டிப்புப் பலகையில் செருகிப் பாருங்கள். அப்படியும் தீராவிட்டால் ஆடியோ ஒயருக்கு நடுவே 'கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர்' ஒன்றைப் போடுங்கள். எர்த் முனையைத் துண்டிப்பது மட்டும் ஒருபோதும் கூடாது.

இனி முக்கியமான வேலை. பாடல்களைச் சேர்த்தவுடன், விருந்துக்கு முந்தைய நாளே எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து 'அனலைஸ்' செய்யுங்கள். மென்பொருள் ஒவ்வொரு பாடலின் வேகத்தையும், அதாவது நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்பதைக் காட்டும் பிபிஎம்மையும், ஒலி அளவையும் கணக்கிட்டு, அலைவடிவத்தின் மேல் தட்டுகளைக் கோடுகளாக வரையும். இந்தக் கோடுகளை அப்படியே நம்பி, இரண்டு பாடல்களின் வேகத்தைத் தானாகவே ஒன்றாக்கும் 'சிங்க்' பொத்தானை அழுத்துபவர்கள்தாம் நம் பாடல்களில் தடுமாறுகிறார்கள். நான்கு நான்காக நடக்கும் சதுஸ்ர நடைப் பாடல்களில் மென்பொருளின் கணக்கு பெரும்பாலும் சரியாகவே இருக்கும். சேகா அப்படியல்ல: ரவான் என்ற தோல் பறையும் மராவான் என்ற கிலுகிலுப்பையும் ஒலிக்க, ஆறு எட்டு (6/8) தாளத்தில், ஒவ்வொரு தட்டும் மூன்றாகப் பிளந்து திஸ்ர நடையில் போகிறது. நீங்கள் காலால் தட்டிப் பார்த்து 120 என்று உணரும் பாடலுக்கு மென்பொருள் 180 என்றோ 80 என்றோ எண் கொடுக்கக் கூடும்.

இதைத் திருத்துவது எளிது. பாடலை ஓடவிட்டு, பிபிஎம் எண்ணுக்கு அருகிலுள்ள 'டேப்' பொத்தானை, ஆடுபவரின் கால் விழும் இடத்தில் மட்டும் பத்துப் பதினைந்து முறை தட்டுங்கள். இல்லையென்றால் பாடல் பெயரின் மேல் வலச்சொடுக்கி, பிபிஎம் பட்டியலில் மூன்றில் இரண்டு, இரண்டில் மூன்று என்ற பெருக்கல்களைத் தேர்ந்தெடுங்கள்: முதலாவது 180-ஐ 120 ஆக்கும், இரண்டாவது 80-ஐ 120 ஆக்கும். பிறகு பாடலை முதல் அடியில் நிறுத்தி, தட்டுக்கோடுகளை அந்த இடத்துக்கு நகர்த்தும் பொத்தானை அழுத்திவிட்டு, பிபிஎம்மைப் பூட்டிவிடுங்கள். பூட்டாவிட்டால் மறுபடி அனலைஸ் செய்யும்போது உங்கள் உழைப்பு அழிந்துபோகலாம்.

இவ்வளவு சிரமம் எதற்கு என்றால், டப்பாங்குத்து வகைப் பாடல்களில் பலவும் இதே திஸ்ர நடையில்தான் அமைந்திருக்கின்றன. கோடுகள் இரண்டிலும் சரியாக விழுந்துவிட்டால், சேகாவிலிருந்து குத்துக்குப் போவதைப் போன்ற இயல்பான மாற்றம் வேறெதுவும் இல்லை. பறையும் ரவானும் ஒரே குழுவில் வாசிப்பதுபோல் சேர்ந்துகொள்ளும். மாறாக, திஸ்ரத்திலிருந்து சதுஸ்ரத்துக்குப் போகும்போது எண்கள் ஒத்திருந்தாலும் உட்பிரிவுகள் மோதும். அங்கே நீண்ட கலவை வேண்டாம். ஒரு சரணம் முடியும் இடத்தில் சட்டென்று வெட்டுங்கள்.

1960, 70-களின் திரைப்பாடல்கள் தனி வகை. வாத்தியக் குழு முழுவதும் ஒன்றாக அமர்ந்து வாசித்த பதிவுகளில் வேகம் சற்றே ஏறி இறங்கும். விருப்பத்தேர்வுகளில் தட்டுகளைக் கண்டறியும் பகுதிக்குச் சென்று, வேகம் மாறாதது என்று அனுமானிக்கும் தேர்வை நீக்கிவிட்டு அவற்றை அனலைஸ் செய்யலாம். என்னைக் கேட்டால், அவற்றைக் கலக்காமல் முழுமையாக ஒலிக்க விடுவதே மரியாதை.

மேடையில் செய்ய வேண்டியது குறைவு. அடுத்த பாடலை இரண்டாம் டெக்கில் ஏற்றி, ஹெட்ஃபோன் பொத்தானை அழுத்திக் கேளுங்கள். ஓடும் பாடலின் முடிவுப் பகுதியில், சம அடியில் (தாளச் சுற்றின் முதல் அடியில்) இரண்டாவதைத் தொடங்குங்கள். தொடங்கியவுடன் பழைய பாடலின் 'லோ' குமிழைக் குறைத்து, பிறகு ஒரு டெக்கிலிருந்து மற்றதற்கு ஒலியை மாற்றும் கிராஸ்ஃபேடரை நகர்த்துங்கள். இரண்டு பாஸ் ஒலிகள் ஒரே நேரத்தில் இடித்தால் எல்லாம் குழம்பிவிடும். வேகத்தை மாற்றும்போது 'கீலாக்' இயக்கத்தில் இருந்தால் சுருதி மாறாது, ஆயினும் ஐந்தாறு சதவீதத்துக்கு மேல் போனால் பாடகரின் குரல் செயற்கையாகிவிடும். ஒலிமானி சிவப்பைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சத்தம் போதவில்லையென்றால் ஆம்ப்ளிஃபையரில் கூட்டுங்கள், மென்பொருளில் அல்ல.

சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் 'ஆட்டோ டிஜே' இருக்கிறது. மெல்லிய பாடல்களை ஒரு பட்டியலாக அதில் இட்டு, பாடல்களின் தொடக்க மௌனத்தையும் இறுதி மௌனத்தையும் தாண்டிச் செல்லும் முறையைத் தேர்ந்தெடுத்துவிட்டால், நீங்களும் வாழையிலை முன் உட்கார்ந்து ஏழு கறியை நிதானமாகச் சாப்பிடலாம்.